பார்க்க வேண்டாத பெட்டி

ஜூன் 2, திங்கள்

விடியும் முன்பே மழை. பள்ளி திறக்கிற நாளில் மழை பெய்யாவிட்டால்தான் அதிசயம். மகள் மீனுவுக்குப் புதுக் குடை, புதுப் பை, பழைய சிணுங்கல். ஏழாம் வகுப்புக்காரி அழக் கூடாதாம், அதனால் மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போனாள்.

உதியன்குளங்கரையில் பஸ் இறங்கும்போது சுடிதார் முழங்கால் வரை சேறு. ஆபீஸ் மாடியில். கீழே பெயின்ட் கடை. குவாரி, கிரஷர் என்று பெரிய பெயர்ப்பலகை உண்டு, உள்ளே இரண்டே அறை. குவாரி இருப்பது பனச்சமூட்டுக்கு அப்பால். மலை இந்த மலையாள ஸ்டேட்டில், மலைக்கு அடியில் உள்ள வீடுகள் பாதி அந்தத் தமிழ் ஸ்டேட்டில். வெடிக்குத்தான் எல்லை தெரியாது.

காலை முதல் வேலை, குப்பை மெயிலைத் தடுக்கிற பில்டர் பிடித்து வைத்தவற்றைப் பார்ப்பது. இன்று:
- லாட்டரி. எனக்கு லண்டனில் பரிசு விழுந்திருக்கிறது. வழக்கம்போல.
- பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது.
- முடி வளரும் எண்ணெய். (முதலாளி பிரதீப் சாருக்கு அனுப்பலாம்.)
- பிரதீப் சார் பெயரிலேயே ஒரு பொய் மெயில், "உடனே பணம் அனுப்பவும்".
- எடைமேடை சர்வீஸ்காரரின் உண்மையான பில். பாவம், அதுவும் சேர்ந்து மாட்டியிருந்தது. விடுவித்தேன்.

டீசல்காரர் பெயரில் வந்த பொய் பில்லுக்கு அக்கவுண்ட்ஸ் ரமணி அக்கா பணம் அனுப்பப் பார்த்த பிறகுதான் இந்தப் பில்டர் வாங்கினார்கள். கம்ப்யூட்டர் டிப்ளமோ என்று பயோடேட்டாவில் எழுதிய பாவத்துக்கு அதைக் கட்டி மேய்க்கிற வேலை எனக்கு. வந்த மெயிலை உள்ளே விடுவதா, தடுப்பதா, சாருக்கு முன்னால் நான் முடிவு செய்ய வேண்டும். வாசல் காவல்காரன் வேலைதான். தொப்பி மட்டும் இல்லை.

ஸ்பேம் இல்லாத ஒன்று நேராகச் சாருக்கே போயிருந்தது. சரோஜம் என்று ஒரு அம்மா. மலைக்கு அடியில் வீடு. நாலைந்து வாரமாக எழுதுகிறார். "நேத்தும் வெடி வச்ச பொறவு அடுக்களைச் சுவரு விரிசல் கூடிப்போச்சு ஐயா. கிணத்துல வெள்ளம் கலங்கிக் கிடக்கு. ஒருக்கா வந்து பாக்கணும்." போட்டோ இரண்டு. சுவரில் விரலை வைத்துக் காட்டுகிறார்.

பி. சார் கதவைத் திறந்து தலையை நீட்டி, "சிந்து, இந்த அம்மச்சி எழுதுறது இனி எனக்குக் காணண்டா. பில்டர் பின்ன எந்தினா?" என்றார்.

பில்டர் எதற்கு என்று இப்போது தெரிந்துவிட்டது.

மீனுவுக்கு நோட்டு உறை. பால்காரர். ரேஷன்.

ஜூன் 3, செவ்வாய்

மழை. துணி காயவில்லை, வீடெல்லாம் நமத்த வாசம்.

சரோஜம் அம்மாவின் முகவரியைத் தடுத்தேன். இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, "உங்கள் மெயில் ஏற்கப்படவில்லை" என்று அவருக்கே திரும்பிப் போகும். இன்னொன்று, சத்தமே இல்லாமல் விழுங்கிவிடும், அனுப்பியவர் கிடைத்துவிட்டது என்றே நினைப்பார். எது என்று சாரிடம் கேட்டேன்.

"மிண்டாம விழுங்குறது போதும். திருப்பி அனுப்பினா அவரு கலெக்டரேட்டுக்குப் போவாரு."

முற்றிலும் அழித்துவிடாமல் ஒரு தனிப் பெட்டியில் போட்டு வைக்கலாமா, நாளைக்குக் கேஸ் வந்தால் வேண்டியிருக்கும் என்றேன். அதற்குச் சம்மதித்தார். முப்பது நாள் கிடக்கும், பிறகு தானே அழியும். பெட்டிக்குப் பெயர் கேட்டது. "பார்க்க வேண்டாம்" என்று போட்டேன். சிரிப்பு வந்தது. சாயங்காலம் வரும்போது சிரிப்பு இல்லை.

ஜூன் 5, வியாழன்

சரோஜம் அம்மா லேசுப்பட்டவர் இல்லை. நேற்று மகளின் முகவரியில் இருந்து, இன்று யாரோ ஒரு மருமகன் முகவரியில் இருந்து. ஒரே சுவர், ஒரே விரல். பதில் வராததால் முகவரிதான் சரியில்லை என்று நினைத்திருப்பார். கதவைத் தட்டித் திறக்காவிட்டால் ஜன்னலைத் தட்டுகிற மாதிரி.

பி. சாருக்குக் கோபம். "ஆளை அல்ல, வாக்கைப் பிடி," என்றார். அதாவது வெளியிலிருந்து வருகிற மெயிலில் இன்ன சொல் இருந்தால் நேரே அந்தப் பெட்டிக்கு. சொற்களை அவரே சொன்னார், மலையாளத்தில்: விள்ளல், பாற, கிணறு, பராதி. ஆங்கிலத்திலும் நாலு. எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. அந்த அம்மா எழுதுவது தமிழில். மலையாளச் சொல்லைப் போட்டு என்ன பிடிக்கும்? இது சாருக்குத் தோன்றாது, அவருக்குத் தமிழ் கேட்டால் புரியும், எழுத்து தெரியாது. நானே சேர்த்தேன்: விரிசல், பாறை, கிணறு, வெடி, புகார். கல் வாங்குகிற காண்ட்ராக்டர்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள், அதனால் இடைஞ்சல் இல்லை. எங்கள் கம்பெனி முகவரியில் இருந்து வருவதை ரூல் தொடாது. பரிசோதித்துப் பார்த்தேன், சுத்தமாகப் பிடித்தது.

சாரிடம் சொன்னபோது, "மிடுக்கி," என்றார். நாலு வருடத்தில் முதல் பாராட்டு. மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வாங்க: கொசுவர்த்தி, மீனு ஜியாமெட்ரி பாக்ஸ், தேங்காயெண்ணெய்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் குவாரியிலிருந்து விஜயன் அண்ணன் வந்தார். சூப்பர்வைசர். மலைக்கு அடியில்தான் அவருக்கும் வீடு, சரோஜம் அம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. இருபது வருடமாகக் கல்லைத் தட்டிப் பார்த்தே வாழ்கிற மனிதர். ஆபீஸ் நாற்காலியில் நுனியில்தான் உட்காருவார், பேன்ட் அழுக்கு ஒட்டிவிடும் என்று.

புதன்கிழமை மழைக்குப் பயந்து அரை நாள் வேலையை நிறுத்தியிருக்கிறார். அதற்கு விசாரணை. கதவு சாத்தியும் கேட்டது.

"ஆரைக் கேட்டு நிறுத்தினீர்?"

"போன் பண்ணினேன் சாறே. எடுக்கேல்ல."

"போன் வேண்டா. இனி எல்லாம் மெயிலில். எழுதிக் கேளு, நான் எழுதி மறுபடி தரும். ரெக்கார்டு வேணும். மனசிலாயோ?" மறுபடி என்றால் இங்கே பதில்.

வெளியே வந்து என் மேசை முன்னால் நின்றார். "பிள்ளே, இந்த மெயிலு எப்பிடியாக்கும் விடுறது?"

அவர் போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். தமிழில் அடிக்க வேண்டும் என்றார், எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஒரு விரலால், கல்லில் அடையாளம் வைக்கிற மாதிரி அழுத்தி அழுத்தி அடித்தார். சோதனைக்கு "சுகமா" என்று எனக்கு ஒன்று அனுப்பினார். வந்தது. குழந்தை மாதிரிச் சிரித்தார். "எலே, இம்புட்டுத்தானா?"

கம்பெனி முகவரி ஒன்று அவருக்குப் போடலாமா என்று சாரிடம் கேட்டேன். ஒரு முகவரிக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை உண்டு. "குவாரியில நிக்கிறவனுக்கு எதுக்கு? சொந்த மெயில்ல அனுப்பட்டே."

நாளைக்கு: வி. அண்ணன் முகவரியை நம்பகப் பட்டியலில் சேர்க்க. (பட்டியலில் இருந்தால் ரூல் பிடிக்காது.)

ஜூன் 9, திங்கள்

சனிக்கிழமை சேர்க்கவில்லை. ஜி.எஸ்.டி. வேலை என்று ரமணி அக்கா பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

இன்று "பார்க்க வேண்டாம்" பெட்டியைத் திறந்தேன். சரோஜம் அம்மா, ஏழெட்டு. வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர் இப்போது தினமும். கடைசியில் உள்ளது: "ஐயா, நீங்க மறுபடி தராட்டியும் படிப்பீங்கண்ணு ஒரு தைரியம். படிச்சா போரும். எனக்க வீட்டுக்காரரு படுத்த கிடப்பில. வெடிச் சத்தம் கேட்டா அவருக்க கை விறைக்குது. சைரன் ஊதுறதுக்கு மின்ன ஒருக்கா ஆளு விட்டுச் சொல்ல முடியுமா? நான் அவருக்க காத அடைச்சுப் பிடிப்பேன்."

சுவரை இடிக்காதே என்றுகூடக் கேட்கவில்லை. காதைப் பொத்த நேரம் கேட்கிறார்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. நான் ஒருத்தி படிக்கிறேன், படித்து என்ன? சாரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, சொல்லாமல் படிப்பது அதைவிட மோசம். இனி அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை. பெயர்தான் வைத்தாயிற்றே.

வீட்டுக்காரர் மணியிடம் சொன்னேன். ஆட்டோவுக்கு அடியில் படுத்துக்கொண்டே, "ஊருக்க வேலையெல்லாம் நீ எதுக்குச் சுமக்குற?" என்றார். சரிதான்.

வி. அண்ணன் முகவரி. நாளை.

ஜூன் 11, புதன்

மீனுவுக்குக் காய்ச்சல். லீவ். கஞ்சி, பயறு, பப்படம். தெர்மாமீட்டர் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, அரிசி டப்பாவில் கிடந்தது.

வெளியே மழை ஒரே சீராக. கிணற்றில் கை விட்டு எடுக்கலாம் போல.

ஜூன் 12, வியாழன்

இன்றும் லீவ். காய்ச்சல் குறைந்தது. "பில்டரைத் தாண்டிச் சாருக்கு ஒண்ணு ரெண்டு லாட்டரி மெயில் வருது," என்று ரமணி அக்கா போனில். வரட்டும். ஒருநாள் அவரும் லண்டன் பணக்காரர் ஆகட்டும்.

ஜூன் 13, வெள்ளி

மழை விட்டு விட்டு. மீனு பள்ளிக்குப் போனாள்.

இரண்டு நாள் லீவுக்கு ஸ்பேம் மலை போலக் குவிந்திருந்தது. மதியம் வரை அதுதான். மற்றதைத் திறக்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வி. அண்ணன். பைக் பஞ்சராம், பஸ்ஸுக்கு நின்றார். முகம் வெளிறி இருந்தது. மழையில் நிற்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"பிள்ளே, சாறுக்கு மெயிலு விட்டிட்டுண்டு. ரெண்டு. கிட்டிச்சா?"

"கிட்டியிருக்கும் அண்ணா. மெயிலு தப்பாது."

"மறுபடி காணேல்லயே."

"பாத்திருப்பாரு. அவரு எல்லாத்துக்கும் மறுபடி போடுறவரா?"

தலையை ஆட்டினார். "செரி. அப்பம் பாத்திட்டாக்கும் மிண்டாம இருக்காரு," என்றார். என்ன விஷயம் என்று கேட்க வாயெடுத்தேன், பனச்சமூட்டு பஸ்ஸும் என் பஸ்ஸும் ஒன்றாக வந்துவிட்டன. வீட்டில் உஷா அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றேன். "வாறேன் பிள்ளே," என்று ஏறினார்.

மீன் விலை ஏறிவிட்டது. ட்ராலிங் தடை, கடலுக்குப் போட் போகாது. முட்டைதான் இனி.

ஜூன் 16, திங்கள்

எழுத வரவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

காலை வேலை தொடங்கிய உடன் மேல் தட்டில் இருந்து பாறை சரிந்தது. அடியில் துளை போட்டுக்கொண்டிருந்த தொழிலாளி சுனில். அவனைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடியவர் வி. அண்ணன். இரண்டு பேரும் உள்ளே. பொக்லைன் வைத்து எடுக்க மத்தியானம் ஆகிவிட்டதாம்.

போன் ரமணி அக்காதான் எடுத்தார். எடுத்தவர் உட்கார்ந்துவிட்டார். பி. சார் செருப்புப் போடாமல் இறங்கி ஓடினார், கார் வரை. எனக்கு மானிட்டரில் லாட்டரி மெயில் திறந்து கிடந்தது. அதை மூடத் தோன்றவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

போஸ்ட்மார்ட்டம் முடிந்து சாயங்காலம் கொண்டுவந்தார்கள். மழையில் பந்தல். சுனில் வீடு மேலே, அண்ணன் வீடு கீழே. முதலில் அங்கே, பிறகு இங்கே.

அண்ணன் வீட்டு முற்றத்தில் நிற்கும்போது சுனிலின் தம்பி குடித்துவிட்டு வந்து கத்தினான். "மழையில ஆள அடியில நிறுத்தினது இவராக்கும். எனக்க அண்ணனக் கொன்னது இவரு. இவருக்கு எதுக்கு மாலை?" நாலு பேர் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். உஷா அக்கா தலையைத் தூக்கவே இல்லை. யாரும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருபது வருடம் பழகிய ஊர்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். தோளில் வெளுத்த நேரியல், காய்ப்புப் பிடித்த விரல். அந்த விரலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. போட்டோவில் பார்த்துப் பழகிய விரல்.

"நீ ஆபீஸில உள்ள பிள்ளையா மோளே?"

"ஆமா அம்மா."

"எனக்க மெயிலெல்லாம் கிட்டுதா? நான் சரோஜம்."

"கிட்டுது," என்றேன். பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு அசிங்கமாக இருந்தது.

ஜூன் 18, புதன்

குவாரி மூடியிருக்கிறது. விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்திருக்கிறார், இந்த வாரமும் அடுத்த வாரமும் வில்லேஜ் ஆபீஸில் உட்காருவாராம். இன்று எங்கள் ஆபீஸுக்கு வந்தார்.

பி. சார் சொன்னது என் காதில் விழுந்தது. "சூப்பர்வைசர் ஒரு வாக்கு எழுதி அறிவிச்சிருந்தா நான் அப்பத்தன்னே நிறுத்தியிருப்பேன் சார். எழுதணும்னு ஆர்டரே உண்டு. ஒண்ணும் வந்நிட்டில்லா." ஒன்றுகூட வரவில்லை என்று மேசையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, அவர் நம்பித்தான் சொல்கிறார்.

ஒண்ணும் வந்நிட்டில்லா.

"ரெண்டு விட்டிட்டுண்டு பிள்ளே."

அதிகாரி டீ குடித்து முடிக்கும் வரை கீபோர்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பெட்டியைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன இருக்கும் என்று தெரியும், அதனால்.

ஜூன் 19, வியாழன்

திறந்தேன்.

சரோஜம் அம்மா மெயில்களுக்கு நடுவில், விஜயன் அண்ணன். ரெண்டு இல்லை, மூன்று.

ரூல் பிடித்த சொல்லை மஞ்சளில் காட்டும் இந்த மென்பொருள். மூன்றிலும் ஒரே சொல் மஞ்சள். விரிசல். சார் சொன்ன மலையாளச் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. என் சொல். கீழே சிறிய எழுத்தில், ரூல் உண்டாக்கியவர் என்று என் பெயர்.

மூன்றையும் படித்தேன். மூன்றாவதை இரண்டு தடவை நிறுத்தித்தான் முடித்தேன். பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். ரமணி அக்கா வெளியில் நின்று, "என்ன பிள்ளே, விசேஷமா?" என்று கேட்டார். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

சாரிடம் காட்டினேன். தமிழ் என்பதால் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன், முதல் இரண்டு மட்டும். பாறையில் விரிசல், மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, நிறுத்தட்டுமா.

சார் திரைக்கு அருகே குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டு. பிறகு மெதுவாக: "ரூல் ஆரு வச்சது?"

"சார் சொல்லி, நான்."

"நான் மலையாளமல்லே பறஞ்ஞது."

அவர் தந்தது மலையாளச் சொல் மட்டும்தான். உண்மைதானே.

"இது முப்பது நாளாச்சுன்னா தானே போகும், அல்லே?"

"ஆமா சார்."

"எந்நா போகட்டே." மவுஸை என் பக்கம் தள்ளி, "நீ அழிக்கண்டா. தொடவும் வேண்டா. உனக்கும் ஒரு குட்டி இல்லையா, சிந்து?" என்றார். குரலில் மிரட்டல் இல்லை, அக்கறைதான். மிரட்டியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

வீட்டில் மணியிடம் சொன்னேன். முதல் தடவையாக ஸ்பேனரைக் கீழே வைத்தார். "மிண்டாம இரி. போனவரு போயாச்சு. உனக்க பேருல்லா அதுல கிடக்குது?" கையைத் துடைத்துக்கொண்டே, "கேஸாவுமா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். இருவரும் சாப்பிடவில்லை. மீனு மட்டும் முட்டை கேட்டுச் சாப்பிட்டாள்.

ஜூன் 21, சனி

உஷா அக்கா ஆபீஸுக்கு வந்தார். கறுத்த குடை, மடக்கினாலும் தண்ணீர் சொட்டிக்கொண்டே. அண்ணன் உட்கார்ந்த அதே நாற்காலி. அதே நுனி.

"அவரு மெயிலு விட்டிட்டுண்டுண்ணு சொன்னாரு சாறே. கடைசி மூணு நாளும் வீட்டுல வந்தா அதையே நோக்கிட்டு இருப்பாரு, மறுபடி வந்தா மறுபடி வந்தாண்ணு."

பி. சார் என்னைப் பார்க்கவில்லை. "வந்நிட்டில்லா," என்றார்.

"அவருக்க போனும் பாறைக்கு அடியில போச்சு. சுனிலுக்க அம்மை என் மொகத்துல முழிக்கிறதில்ல. கடையில சாமான் தந்தாலும் கையில தராம மேசையில வைக்காங்க. பிள்ளைய பள்ளியில கேக்காங்க, உனக்க அப்பன்தானா எண்ணு. எனக்கு உங்க காசு வேண்டாம். அவரு சொன்னாருண்ணு ஒரு வார்த்த, நீங்க சொன்னா போரும்."

"பார்க்கலாம்," என்றார் சார்.

போகும்போது என் மேசை முன்னால் நின்றார். "உன்னப்பத்திச் சொல்லுவாரு. நல்லாப் படிப்பிச்சுத் தந்த பிள்ளயெண்ணு." மேசையில் கிடந்த பில்களை அடுக்கினேன். வாய் திறந்திருந்தால் அங்கேயே எல்லாம் வந்திருக்கும். படியில் அவர் இறங்குவது கேட்டது, குடையை ஊன்றி ஊன்றி.

பிறகு சார் வெளியே வந்து, யாருக்கோ சொல்வது போல, "காலம் போனா எல்லாம் செரியாகும்," என்றார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, அதைத்தான் நம்புகிறார். முப்பது நாளில் ஆறிவிடும்.

பிரின்டரில் பேப்பர் போட்டேன். மூன்று மெயில். பிடித்த சொல், ரூல், என் பெயர், எல்லாம் வருகிற பக்கத்தோடு. சரோஜம் அம்மாவுடையதும், இருக்கிற எல்லாம். சார் மதியம் சாப்பிடப் போன நேரத்தில். பயம் இல்லை என்று எழுத ஆசை. பேப்பரைக் கோணலாகப் போட்டு இரண்டு தடவை சிக்க வைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

பேப்பரை அதிகாரியிடம் கொடுக்கப் போகிறேன். மணியிடம் கேட்கவில்லை, சொன்னேன். பேப்பர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "வேல போவும்," என்றார்.

"போவும்."

"செரி. நானே கொண்டு விடுறேன். பஸ்ஸுல போவாண்டாம், நனைஞ்சிரும்." பேப்பரைத்தான் சொன்னார்.

துணி துவைத்தேன். காயாது என்று தெரிந்தே.

ஜூன் 23, திங்கள்

மழை இல்லை. வெயில்கூட அடித்தது.

மெயிலில் அனுப்பவில்லை. அந்த ஆபீஸிலும் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். தெரியாத முகவரி, இணைப்பு மூன்று, சொல் ஒன்று. எங்கே போகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பேப்பரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வில்லேஜ் ஆபீஸ் வராந்தாவில் காத்திருந்தேன். மணி கீழே ஆட்டோவில்.

அதிகாரி வயதானவர், நல்ல மாதிரி. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடமே நீட்டினார். "தமிழ் கேட்டா மனசிலாகும். வாயிக்கான் அறியில்லா. நீ வாசிச்சு தா, நான் எழுதிக்கறேன்."

இதை நான் நினைக்கவில்லை. கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

முதலாவது வாசித்தேன். "சாறுக்கு விஜயன் எழுதுறது. மேல் தட்டுல கிழக்க பக்கம் கல்லுல ஒரு விரிசல் கண்டேன். கை உள்ள போவும். மழை வெள்ளம் அதுல இறங்குது. அடியில ஆள நிறுத்தப்பிடாதெண்ணு தோணுது. நிறுத்தட்டா? மறுபடி தரணும்."

எழுதிக்கொண்டார். தேதி கேட்டார், சொன்னேன்.

இரண்டாவது. "நேத்து விட்டதுக்கு மறுபடி காணேல்ல. விரிசல் கூடுது. போட்டோ வச்சிட்டுண்டு."

எழுதினார். பேனாவை உதறி, "இனியும் உண்டோ?" என்றார்.

மூன்றாவது. அவர் தலை குனிந்து பேப்பரில் இருந்தது. ஏழெட்டு வரிதான். முதல் இரண்டு வரி விரிசலைப் பற்றி. அதை வாசித்து அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அண்ணன் எழுதிக் கேட்டார் என்பதற்கு அது போதும். உஷா அக்காவுக்குப் போதும். மிச்சம் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாசித்தேன்.

"பஸ் ஸ்டாப்புல சிந்து பிள்ளையக் கண்டேன். மெயிலு தப்பாது, சாறு பாத்திருப்பாருண்ணு அவ சொன்னா. அப்பம் சாறு பாத்திட்டு, நிறுத்த வேண்டாமெண்ணு நெனச்சிருப்பீங்க. எனக்குப் பயம் உண்டு. எண்ணாலும் வேல நடத்துறேன்."

பேனா நின்றது. தலையைத் தூக்கினார்.

"ஆரா இந்த சிந்து?"

"நானாக்கும் சார்."